ஐந்து லட்சம் கைப்பிரதி அடிக்கும் முன்: பின்பக்கத்தில் யாருடைய விலாசம்?

போன வாரம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். ஒரு வாலிபர் குழுவின் பொறுப்பாளர். "அண்ணே, உலகம் முழுக்கப் போற ஊழியம். பதினாலு மொழி, அஞ்சு லட்சம் பிரதி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கைக்கு வரணும்" என்றான். ஃபைலைத் திறந்தேன். தெருவில் ஆட்களுக்குக் கொடுக்கும் சுவிசேஷக் கைப்பிரதி. முன்பக்கம் நன்றாகவே இருந்தது. பின்பக்கத்தில் சூரிய உதயப் படம், அதன் கீழே "தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக". அவ்வளவுதான். விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை.

"படிச்சிட்டு ஒருத்தர் சந்தேகம் கேட்க நினைச்சா யாருகிட்ட கேப்பார் தம்பி?"

"ஆவியானவர் நடத்துவார்ணே."

நடத்துவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தியோப்பிய மந்திரியையும் அவர்தான் நடத்தினார். எப்படி நடத்தினார்? பிலிப்பு என்ற ஊழியக்காரரை அந்த மந்திரியின் ரதத்துக்குப் பக்கத்தில் ஓட வைத்து நடத்தினார். மந்திரியின் கையில் இருந்தது ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம். அதைவிட நல்ல கைப்பிரதியை நாம் யாரும் எழுதிவிடப் போவதில்லை. அப்படியும் அவர், ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்டார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தை ஊழியக் கூட்டங்களில் எத்தனையோ முறை பிரசங்கிக்கிறோம். அச்சடிக்க வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

இருபத்திரண்டு வருடமாகப் பாளையங்கோட்டையில் பக்க வடிவமைப்பும் அச்சு வேலையும் பார்க்கிறேன். சாயங்காலங்களில் அஞ்சல்வழி வேதபாடத்துக்கு விடைத்தாள் திருத்துகிறேன். விலாசம் இல்லாத கைப்பிரதியோடு இந்த வருடம் வந்தவர்களில் இந்தத் தம்பி நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆற்றாமை தருவது ஒரு கணக்கு. "ஒரு லட்சம் பிரதி கொடுத்தோம், ஒரு லட்சம் ஆத்துமாக்களுக்குச் சுவிசேஷம் சொன்னோம்" என்கிற கணக்கு. ஊழிய அறிக்கையில் அப்படியே அச்சாகிறது, காணிக்கை கொடுக்கிறவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாங்கினவர் எல்லோரும் பிரிக்கவில்லை. பிரித்தவர் எல்லோரும் படிக்கவில்லை. படித்தவர் எல்லோருக்கும் புரியவில்லை. புரிந்தவர்களிலும் பலருக்கு, இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு லட்சம் என்பது பிரஸ்ஸிலிருந்து வெளியே போன தாளின் எண்ணிக்கை. அது பேப்பர் கணக்கு, எங்கள் தொழில் கணக்கு. பில் போட நாங்கள் வைத்திருக்கும் எண்ணை நீங்கள் ஆத்துமாக்களின் எண்ணிக்கையாக எழுதாதீர்கள். மடிப்பு மெஷினில் வீணாகிற தாளுக்காக நாங்கள் கூடுதலாக அடிக்கிறோமே, அதைக்கூடச் சிலர் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அச்சகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. நீல மை, நடுங்கிய கையெழுத்து. பழைய புத்தகம் ஒன்றுக்குள் ஒரு கைப்பிரதி கிடைத்ததாம். அதில் "இலவச வேதபாடத்துக்கு எழுதுங்கள்" என்று ஒரு விலாசம். இரண்டு முறை எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. கடைசியில் அடியில் பொடி எழுத்தில் இருந்த "அச்சிட்டோர்" வரியைப் பார்த்து எங்களுக்கு எழுதிவிட்டார். "நீங்களாவது சொல்லுங்கள், யோவான் சுவிசேஷம் மட்டும் தனியாக எங்கே கிடைக்கும்?" 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம், அச்சிட்டவர் பெயரையும் அச்சிட்ட ஊரையும் பிரதியில் போடச் சொன்னது. சட்டத்துக்குப் பயந்து போட்ட அந்த ஒரு வரிதான் அவருக்குக் கடைசியில் உதவியிருக்கிறது. அந்தக் கைப்பிரதியை அடிக்க வந்த ஊழியக்காரர்கள் எத்தனை உற்சாகமாக வந்திருப்பார்கள்! பத்து வருடம் கழித்து ஒருவர் எழுதுவார், அதற்குப் பதில் எழுத அன்றைக்கும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை.

ஆகவே, திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். முதலில் பதில் எழுதப் போகும் ஆள். அப்புறம் வேதபாடம். அப்புறம் கைப்பிரதி. பேப்பர் வாங்குவது கடைசி.

ஒரு கணக்குப் போடுவோம். லட்சம் பிரதிக்கு நூற்றில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் பேர். பன்னிரண்டு பாடம் என்றால் பன்னிரண்டாயிரம் விடைத்தாள். ஒன்றைப் படித்து, திருத்தி, நாலு வரி எழுதப் பத்து நிமிடம் போதும் என்றாலும் இரண்டாயிரம் மணி நேரம். ஒரே ஆள் தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 333 நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. உங்களிடம் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்குத் தக்க பிரதி அடியுங்கள். ஐயாயிரம் அடித்தாலும் அது நல்ல ஊழியம்தான்.

"விடைத்தாளை ஆப் திருத்திவிடுமே" என்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் மூன்றாம் பாடத்துக்கு விடை எழுதியிருந்தார். "நிக்கொதேமு ஏன் இராத்திரியில் இயேசுவிடம் வந்தான்?" என்பது கேள்வி. "பகலில் வேலை இருந்திருக்கும்" என்று பதில். ஆப் அதைத் தவறு என்று ஒதுக்கியிருக்கும். நான் அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு, இராத்திரி உட்கார்ந்து பாடம் எழுதுகிற மனுஷன் அவர். தன்னையே அந்த இடத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அவருக்கு நான் எழுதியது நாலு வரி இல்லை, இரண்டு பக்கம்.

சரி, மொழிக்கு வருகிறேன். அந்தத் தம்பி கொண்டுவந்த பதினான்கு மொழியும் எந்திர மொழிபெயர்ப்பு. தமிழ்ப் பக்கத்தின் தலைப்பே "நீங்கள் சேமிக்கப்பட்டீர்களா?" என்று இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் saved என்ற ஒரே சொல் என்பதால், இரட்சிக்கப்பட்டீர்களா என்பது அப்படி ஆகியிருக்கிறது. தமிழ் என்பதால் எனக்குத் தெரிந்தது. மற்ற பதிமூன்றிலும் என்ன ஆகியிருக்கும்? அதை யார் படித்துப் பார்த்தார்கள்? யாருமில்லை. வசனங்களையும் எந்திரத்திடமே கொடுத்திருந்தார்கள். அந்தந்த மொழியில் சபைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்து மனப்பாடம் செய்த வேதாகமம் இருக்கும்போது, வசனத்தை ஏன் புதிதாக மொழிபெயர்க்கிறீர்கள்? இருக்கிற மொழிபெயர்ப்பிலிருந்து எடுங்கள். வெளியிட்டவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கடவுளைக் குறிக்கும் சொல்லே ஊருக்கு ஊர் வேறு. தமிழ் வேதாகமங்களையே பாருங்கள்: பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பில் பராபரன், இன்று சபைகளில் புழங்கும் பழைய திருப்புதலில் தேவன், பொதுமொழிபெயர்ப்பில் கடவுள். நமக்குள்ளேயே இப்படி என்றால் வெளியே கேட்கவா வேண்டும். 1919-இல் வந்த சீன ஒன்றிய மொழிபெயர்ப்பைக் கடவுளுக்கு ஷாங்தி என்று ஒரு பதிப்பாகவும், ஷென் என்று ஒரு பதிப்பாகவும் இன்றுவரை அச்சிடுகிறார்கள். மலேசியாவில் கிறிஸ்தவ வெளியீடுகளில் அல்லாஹ் என்ற சொல்லைப் பயன்படுத்துவது பற்றி வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்கோ அதுதான் தினசரி ஜெபத்தில் வருகிற சொல். இதையெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தித் தீர்க்க முடியாது. அந்த மொழியில் ஜெபிக்கிற ஓர் ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

எழுத்துருச் சங்கடம் எங்கள் தொழிலின் தலைவலி. அந்தத் தம்பியின் உருதுப் பக்கத்தை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற உருது ஆசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எழுத்தெல்லாம் தனித்தனியா நிக்குது. இடமிருந்து வலமாப் போகுது. இதை யாராலயும் படிக்க முடியாது ஐயா" என்றார். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துக்கான வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். தமிழிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பது இதே கோளாறுதான். பர்மிய எழுத்தைக் கணினியில் பதிய ஜாக்யி, யூனிகோடு என்று இரண்டு வகை உண்டு. 2019 அக்டோபரில்தான் மியான்மர் யூனிகோடுக்கு மாறியது, பழைய ஃபைல்கள் இன்னும் சுற்றுகின்றன. பஞ்சாபியை இந்தியாவில் குர்முகியிலும் பாகிஸ்தானில் ஷாமுகியிலும் எழுதுகிறார்கள். மொழியின் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். எந்த நாடு, எந்த எழுத்து என்று சொல்லுங்கள். பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முன் அந்த மொழிக்காரர் அச்சுப்படியைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் நான் இப்போது அடிப்பதில்லை.

அந்தக் காலத்தில் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. சீகன்பால்க் 1706-இல் வந்தார், அடுத்த வருடமே பள்ளிக்கூடம் நடத்தினார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தது 1713-இல்தான். அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுபடியாகவில்லை. பக்கத்திலேயே பொறையாறில் சிறிய எழுத்து வார்த்தார்கள், காகித ஆலையும் வைத்தார்கள். 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தது. வரிசையைப் பாருங்கள். முதலில் மொழி படித்தார்கள், வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கப்புறம்தான் அச்சு.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. முதலில் அச்சடித்தவற்றில் ஒன்று, இந்த ஊர் மக்களின் வழிபாட்டை அக்கியானம், அதாவது அறியாமை, என்று பேசிய பிரதி. அந்தப் பாணி நமக்கு வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நடந்தது நினைவிருக்கட்டும். மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்க உதவிய ஆறுமுக நாவலர், பின்னால் வண்ணார்பண்ணையில் தானே அச்சுக்கூடம் வைத்துச் சைவத்துக்காக மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதினார். பிறர் சாமியைப் பழித்து ஒரு வரி இருந்தாலும் அதை எடுத்துவிடச் சொல்கிறேன். எடுக்க மாட்டோம் என்றால் வேறு பிரஸ் பாருங்கள்.

இப்போது கெஞ்சிக் கேட்கிற விஷயம். கைப்பிரதியால் வரும் ஆபத்து நமக்கு வராது, அது போய்ச் சேரும் ஊரில் வாங்குகிறவருக்கு வரும். நேபாளத்தின் குற்றவியல் சட்டம் 158-ஆம் பிரிவில் மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ரஷ்யாவில் 2016 முதல் சபைக்கு வெளியே செய்யும் மிஷனரி வேலைக்குக் கடும் கட்டுப்பாடு. நம் நாட்டிலும் ஒடிசாவில் 1967-லிருந்தே மதமாற்றம் பற்றிய சட்டம் இருக்கிறது, வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் போய்ப் பெட்டி நிறையக் கைப்பிரதி இறக்கிவிட்டு வருகிறீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு போலீஸ் வருவது அந்த ஊர்ப் போதகரின் வீட்டுக்கு. அவரிடம் கேட்டீர்களா? தயவுசெய்து முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அனுப்புவதும் அவ்வளவு லேசில்லை. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஒன்று சுமார் 4.4 கிராம். லட்சம் பிரதி 440 கிலோவுக்குப் பக்கத்தில். விமானத்தில் அனுப்பும் செலவில் அங்கேயே அடித்துவிடலாம். ஃபைலை அனுப்புங்கள், அந்த ஊர்ச் சபை தன் விலாசத்தைப் போட்டு அச்சடிக்கட்டும்.

கியூஆர் கோடு போடுகிறவர்கள் கவனியுங்கள். இலவசத் தளத்தில் செய்த கோடு சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாமல் போகலாம். லட்சம் தாளிலும் அதைத் திருத்த முடியாது. வாட்ஸ்அப் எண் என்றால் ஊழியத்தின் பெயரில் வாங்கிய எண்ணாக இருக்கட்டும், காலேஜ் முடித்ததும் வேலைக்குப் போய்விடும் தங்கையின் சொந்த எண் வேண்டாம். எழுதுகிறவர்களின் பெயர், ஊர் இருக்கும் நோட்டைப் பூட்டி வையுங்கள். ஜெபக் குறிப்பு என்று குரூப்பில் படம் எடுத்துப் போடாதீர்கள். அதில் வீட்டுக்குத் தெரியாமல் எழுதின பெண்கள் இருக்கிறார்கள்.

பஸ் ஜன்னலிலிருந்து வீசாதீர்கள். ஆஸ்பத்திரியில் தூங்குகிற நோயாளியின் தலையணைக்கு அடியில் செருகாதீர்கள். பள்ளி வாசலில் பிள்ளைகள் கையில் திணிக்காதீர்கள். வசனம் அச்சடித்த தாள் சாக்கடை ஓரத்தில் கிடப்பதை நான் காலையில் நடக்கும்போது பார்க்கிறேன், அதை வடிவமைத்தவன் நான். ஒருவரிடம் இரண்டு வார்த்தை பேசி, அவர் கை நீட்டினால் கொடுங்கள்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப உலகத்துக்கு எப்படிண்ணே போறது?" என்று கேட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் எத்தனை நாட்டு மாலுமிகள் இறங்குகிறார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் எத்தனை ஒடியாக்காரர்கள், வங்காளிகள் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அவர்களில் ஒருவரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டதுண்டா என்றும் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டான்.

நேற்று போன் செய்தான். திருப்பூரில் ஞாயிறு மாலை ஒடியா ஆராதனை நடத்துகிற ஒரு போதகரைக் கண்டுபிடித்துவிட்டானாம். அவர் ஒடியாப் பக்கத்தைப் படித்துத் திருத்தித் தருகிறாராம், வேதபாடத்துக்கு வரும் கடிதங்களுக்கு அவர் சபையிலேயே இரண்டு பேர் பதில் எழுதுவார்களாம். "முதல்ல ரெண்டாயிரம் போதும்ணே, பின்பக்கம் அவங்க விலாசம்" என்றான். திங்கட்கிழமை அச்சுப்படி எடுக்கிறோம்.