"பயனர் நட்பு" என்றால் யாருக்கும் யாருக்கும் நட்பு?

அரசு இணையதளம் ஒன்றைப் புதுப்பித்துவிட்டு, "பயனர் நட்பு முறையில் மறுவடிவமைக்கப்பட்டுள்ளது" என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை எத்தனையோ தடவை பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போயிருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அதே தளத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

இதன் ஆங்கில மூலமான யூசர் ஃப்ரெண்ட்லி 1970களில் கணினித் துறையில் பரவிய சொல். அதுவரை கணினி வல்லுநர்களின் கையில் இருந்தது, மற்றவர்களும் தொடத் தொடங்கியபோது மிரட்டாத கருவி என்ற பொருளில் வந்தது. நட்பு என்பதற்கு வேர் நள். நள்ளுதல் என்றால் நட்புக் கொள்ளுதல், நள்ளார் என்றால் பகைவர். வேரில் ஒரு குறையும் இல்லை. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் சிக்கல்.

தமிழில் ஒரு பெயருக்குப் பின்னால் நட்பு என்று சேர்த்தால் என்ன பொருள் வருகிறது? பள்ளி நட்பு என்றால் பள்ளியில் ஏற்பட்ட நட்பு. ரயில் நட்பு என்றால் ரயிலில் ஏற்பட்டு அங்கேயே முடிவது. அப்படியென்றால் பயனர் நட்பு? பயனர்களுக்குள் ஏற்படும் நட்பு. தளம் படுத்துவிட்டதால் அலுவலகத்துக்கு நேரில் போய், வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, பக்கத்தில் நிற்பவரிடம் பேனா கடன் வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து அந்தத் தளத்தைத் திட்டுகிறோமே, அதற்குத்தான் பயனர் நட்பு என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட்லி என்ற அந்த வால் நண்பனைக் குறிக்கவே இல்லை, "இன்னாருக்குத் தொல்லை தராத, தோதான" என்றுதான் சொல்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதியில் ஃப்ரெண்ட் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

சரி, மாற்று? "பயனர் நேயம்" என்கிறார்கள் சிலர். மனிதநேயத்தின் சாயலில் காதுக்கு இனிமைதான், ஆனால் நேயம் என்பது மனத்தில் இருக்கும் அன்பு, ஒரு படிவத்துக்கு என்மேல் அன்பு வேண்டாம், பிறந்த தேதியை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று சொன்னால் போதும். (நேயம் வடமொழி வழி வந்தது என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை, புரியாத தனித்தமிழைவிடப் புரிகிற இரவல் சொல் மேல்.) "பயனருக்கு உகந்த" பரவாயில்லை, ஆனால் ராசிபலன் வாசம் அடிக்கிறது. "பயனர் இணக்கம்" இன்னும் மோசம். அரசு நடையில் இணக்கம் என்றாலே விதிக்குக் கட்டுப்படுவது, அதனால் தளம் நமக்கு இணங்குகிறதா, நாம் தளத்துக்கு இணங்கிப் போக வேண்டுமா என்றே தெரியாது. நடைமுறையில் இரண்டாவதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

பயனர் என்ற சொல்லோடு எனக்குப் பெரிய வம்பு இல்லை. நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் சில தளங்களில் அதே இடத்தில் "பயனாளி உள்நுழைவு" என்று போடுகிறார்கள். அரசு பேச்சில் பயனாளி என்றால் திட்டத்தில் உதவி பெறுபவர். வரி கட்ட வந்தவர் இந்தப் பொத்தான் தனக்கா, உதவித்தொகை வாங்குபவருக்கா என்று முழிப்பார்.

என் விருப்பம் "கையாள எளிய" என்பது. எளிய என்றதும் ஏழை எளியவர் நினைவுக்கு வரும், ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் இருக்கிறது. இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அரசனைக் "காட்சிக்கு எளியன்" என்கிறாரே, அங்கே எளியன் என்றால் யாரும் எளிதில் அணுகக்கூடியவன். அரசாங்கத்தை அணுகுவதற்கென்றே ஆகிவந்த சொல் கையில் இருக்க, நட்பை ஏன் இழுக்க வேண்டும்? அதே வரியில் அடுத்து "கடுஞ்சொல்லன் அல்லன்" என்கிறார். "செல்லாத உள்ளீடு" என்று சிவப்பில் கத்தும் பிழைச்செய்திகளை யாராவது இதோடு வைத்துப் பார்க்கலாம்.

பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால்? "பயன்பாட்டு எளிமை" சரிவராது, இப்போது பயன்பாடு என்றால் செயலி என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். "எளிமை" என்று மட்டும் போட்டால் வடிவமைப்பவர் அதை ஆடம்பரமில்லாத தோற்றம் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தைத் துடைத்து வைத்துவிட்டு நாலு படங்களை நட்டுவிட்டுப் போய்விடுவார், தேடி வந்த படிவம் எங்கேயோ ஐந்தாவது அடுக்கில் கிடக்கும். பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241-11 தரநிலை, ஒன்றைக் கையாள்வது எவ்வளவு எளிது என்று அளக்க மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது: வந்த வேலை முடிகிறதா, அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது, முடித்தவருக்குத் திருப்தியா. தோற்றமும் இல்லை, நட்பும் இல்லை. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் "எளிதாகக் கையாளும்படி மாற்றியிருக்கிறோம்" என்று எழுதினால் எல்லாச் சண்டையும் தீர்ந்தது.

வினைச்சொல்லின் அருமையை பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் பார்க்கலாம். 2012 அக்டோபரில் இரண்டு பெரிய அரசுத் தளங்களுக்குப் பதிலாக அது வந்தது, பிறகு துறைத் தளங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சேவைகளுக்குத் துறை வைத்த பெயரைப் போடாமல், வந்தவர் செய்ய நினைக்கும் வேலையையே பெயராக வைப்பது அவர்கள் வழக்கம். வாக்காளராகப் பதிவு செய்ய வந்தவருக்கு "வாக்காளராகப் பதிவு செய்ய" என்றே இருக்கும். நம் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் அது "வாக்காளர் பதிவு மேலாண்மைச் சேவை" ஆகித் திரும்பி வரும்.

ஆனால் பொத்தானுக்கு மட்டும் வினைச்சொல் கிடைத்துவிடுகிறது: "சமர்ப்பி", "தேடு", "பதிவேற்று". எழுபது வயதுக்காரரையும் ஒருமையில் ஏவுவது. ஒருவேளை அந்த நட்பு இதுதானோ? சமர்ப்பிக்க, தேடுக என்று எழுத ஓரிரு எழுத்துதான் கூடுதலாகும்.

அப்புறம் என் கதை. இரண்டு பக்கப் படிவத்தை நிரப்பிச் "சமர்ப்பி"யை அழுத்தினேன். பிழை என்றது, பாதிப் பெட்டிகள் காலியாகிவிட்டன. பக்கத்திலேயே "மீட்டமை" என்று ஒரு பொத்தான். மீட்பது என்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவதுதானே என்று தமிழை நம்பி அழுத்தினேன். மீதிப் பாதியும் போய்விட்டது. ரீசெட் என்பதற்கு அப்படி ஒரு சொல்லாம். "எல்லாவற்றையும் அழிக்க" என்று போட்டிருந்தால் கிட்டே போயிருக்க மாட்டேன். உண்மையில் அந்தப் பொத்தானுக்கு நல்ல தமிழ் தேடவே வேண்டாம், எடுத்துவிடலாம்.