எடை குறைந்த பிறகு வரும் வயிற்றுவலியை கேஸ் என்று விட்டுவிடாதீர்கள்

"சாப்ட்டா சுருட்டிப் புடிக்கு டாக்டர். குனிஞ்சு உக்காந்தா லேசா விடுது."

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "கேஸுன்னுதான் எல்லாரும் சொன்னாவ" என்றபடி அவர் கணவர் மூன்று மருந்து பாட்டில்களை மேசையில் வைத்தார். இரண்டு மாதமாக வந்து வந்து போகிற வலி. வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஈ.சி.ஜி.கூட எடுத்திருந்தார்கள். முன்பு என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு அவர் "பைபாஸ்" என்றிருக்கிறார், கேட்டவர் இதயம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்கு நடந்தது உடல் எடையைக் குறைக்கச் செய்யும் இரைப்பை பைபாஸ். ஒன்றரை வருடத்துக்கு முன் வெளியூரில் செய்தது. அதற்குள் 40 கிலோ குறைந்திருந்தார்.

இந்த ஆபரேஷனில் இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலை வெட்டி வேறு வழியில் இணைக்கிறோம். அப்போது குடலைத் தாங்கும் சவ்வில் சில இடைவெளிகள் உண்டாகின்றன. அதில் ஒன்றுக்கு பீட்டர்சன் இடைவெளி என்று பெயர். முதலில் அந்தச் சவ்வில் கொழுப்பு நிறைந்திருப்பதால் இடைவெளி தெரியாது. உடம்பு இளைக்க இளைக்க அந்தக் கொழுப்பும் கரையும். நம் ஊர்ப் பனையோலைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஈரமாக இருக்கும்போது எவ்வளவு நெருக்கி முடைந்தாலும் ஓலை காய்ந்ததும் இடுக்கு விடும். அதேதான் இங்கேயும் நடக்கிறது. அந்த இடுக்கில் குடல் நழுவிப் போவதுதான் உள் குடலிறக்கம். வெளியே வீக்கம் எதுவும் தெரியாது.

இடைவெளிகளைத் தைத்துவிட்டால் போதாதா? ஸ்வீடனில் 2,507 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மூன்று ஆண்டுக்குள் குடல் அடைப்புக்காக மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள், தைக்காதவர்களில் 10.2 சதவீதம், தைத்தவர்களில் 5.5 சதவீதம். தைப்பது நல்லதுதான், ஆனால் ஆபத்து அடியோடு போய்விடுவதில்லை.

அந்த அக்காவுக்கு மருந்து செலுத்தி சி.டி. எடுத்தோம். குடலின் ரத்தக்குழாய்கள் ஆற்றுச் சுழி மாதிரி முறுக்கியிருந்தன. அன்று ராத்திரியே லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன். உள்ளே குடல் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. இழுத்து முறுக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். சில நிமிடங்களில் நிறம் திரும்பியது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

சி.டி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. வாந்தி இல்லையே என்று சமாதானம் ஆகவும் கூடாது. பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் முறுக்கிக் கிடக்கும்போதுகூட வாந்தி வராமல் இருக்கலாம்.

கர்ப்பிணிகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். வளரும் கருப்பை குடலை மேலே தள்ளும்போது இந்த ஆபத்து கூடுகிறது. வீட்டிலோ சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்த பெண் என்றால், மகப்பேறு மருத்துவரோடு அறுவைசிகிச்சை மருத்துவரும் அன்றே பார்க்க வேண்டும்.

எடை குறைக்கும் இன்னொரு ஆபரேஷனான ஸ்லீவ் முறையில் இரைப்பையை மட்டும் குழாய் மாதிரிக் குறுக்குவார்கள். குடலை வழிமாற்றுவதில்லை, அதனால் இந்தச் சிக்கல் அநேகமாக வராது. ஆனால் தழும்பு வழியாகக் குடல் பிதுங்குவது எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு அது அதிகம். சிலருக்குத் தொப்புளில் ஏற்கெனவே இருந்த குடலிறக்கம், தொப்பை கரைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகிற வீக்கத்தை நிதானமாகக் காட்டலாம். உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று வலித்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நம் பக்கத்தில் பலர் இந்த ஆபரேஷனை வெளியூரில் செய்துகொண்டு வருகிறார்கள். நடுராத்திரி வலி வந்தால் ஓடுவது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு. அங்கே இருப்பவருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன மாற்றியிருக்கிறது என்று தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.

அந்த அக்கா மறுபரிசோதனைக்கு வந்தபோது போன் கவரைத் திறந்து காட்டினார். உள்ளே நாலாக மடித்த தாள். மகளின் கையெழுத்தில், "இரைப்பை பைபாஸ். இதயம் இல்லை." கீழே ஆபரேஷன் தேதி.