ஓலையைத் தின்னும் கோழி

சாயங்காலமானால் எங்கள் ஆச்சி பழைய மண்பானைக்குள் காய்ந்த பனையோலை, கிழிந்த சாக்கு, சாணி எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கமாகக் கவிழ்த்து வைப்பாள். விடிந்ததும் "ஏல, பானையை நிமித்துல" என்பாள். உள்ளே வெள்ளைவெள்ளையாகச் செல்லு மொய்த்துக் கிடக்கும். கறையானைத்தான் அப்படிச் சொல்வோம். முற்றத்தில் தட்டினால் குஞ்சுகள் முண்டியடித்துப் பொறுக்கும்.

ஓலையைக் கோழிக்கு நேராகப் போட்டால் பிரயோஜனமில்லை. அதிலுள்ள நாரைச் செரிக்க அதன் குடலுக்கு வக்கு கிடையாது. புற்றுக் கறையானோ ஓலையை மென்று, புற்றுக்குள்ளேயே காளான் வளர்த்து, அதை வைத்து நாரை உடைத்துச் சாப்பிடுகிறது. காய்ந்த கறையானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். ஓலை இப்படித்தான் கோழி வயிற்றுக்குப் போகிறது.

ஆனால் கறிக்கோழிக்குப் பானை காணாது. 3,000 கோழி உள்ள கொட்டகையில் ஐந்தாவது வாரம் நாளுக்கு 400 கிலோவுக்கு மேல் தீவனம் காலியாகும். குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு 22 பங்கு புரதம் வேண்டும். அதற்குத்தான் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் லாரியில் சோயாப் புண்ணாக்கு வருகிறது. விலை ஏறினால் பண்ணைக்காரர் பாடு திண்டாட்டம்.

சரி, சங்கரன்கோவில் செக்கில் கிடைக்கும் எள்ளுப் புண்ணாக்கைப் போட்டால் என்ன? அதிலும் புரதம் நிறைய. ஆனால் கோழிக்கு வேண்டியது வெறும் புரதமல்ல, அந்தப் புரதத்தைக் கட்டியிருக்கும் துண்டுகளான அமினோ அமிலங்கள். பீடி சுற்றும் வீட்டில் இலையும் தூளும் குவிந்து கிடந்தாலும் நூல் தீர்ந்தால் வேலை நின்றுவிடும், இல்லையா? எள்ளில் குறைவாக இருக்கும் நூல், லைசின் என்ற அமினோ அமிலம். மிச்ச அமினோ அமிலங்களை உடம்பில் சேர்த்துவைக்க வழியில்லாமல் கோழி எரித்துத் தள்ளுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் எச்சத்தில் போய், கொட்டகைத் தரையில் பரப்பிய கூளத்தில் அம்மோனியாவாகிறது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்த நெடியில் பாதி, வீணாய்ப்போன தீவனக் காசு என்பேன்.

சோயா இதற்கு நேர்மாறு: லைசின் தாராளம், மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய. அதனால் சோயாவை அடியோடு தூக்காமல், ஒரு பங்கை மட்டும் எள்ளுப் புண்ணாக்காக மாற்றினால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

திசையன்விளைப் பக்கத்து முருங்கை இலையும், நிழலில் காயவைத்தால், கால் பங்கு புரதம். நார் அதிகம் என்பதால் தீவனத்தில் நூற்றுக்கு 5 பங்கு, மிஞ்சினால் 10 சேர்க்கலாம்.

இரண்டு அமினோ அமிலங்களும் சேர்ந்து கிடைப்பது மீனில்தான். உவரி, கூத்தங்குழிக் கரையில் விலை போகாத பொடிமீனை உப்பில்லாமல் காயவைத்து அரைக்க வேண்டும். கோழியை விற்பதற்கு முந்தைய வாரமே மீனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கறியில் மீன் வாடை அடிக்கும். சும்மா கிடக்கிறதே என்று உப்புக் கருவாட்டை அரைத்துப் போட்டால், கோழி தண்ணீராகக் குடித்துத் தண்ணீராகக் கழியும். கூளத்தை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் கூளம் நனைந்துவிட்டது; மீன் போடுபவர் உப்பையும் சந்தேகப்பட வேண்டும்.