கால்குலேட்டர் சொல்லாமல் விடும் கோணம்

பொருட்காட்சித் திடலில் ஒரு ராட்சத ராட்டினம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மையம் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆரம் 10 மீட்டர், ஒரு சுற்றுக்கு 60 விநாடி. உங்கள் பெட்டி மையத்தின் மட்டத்திலிருந்து மேலே ஏறத் தொடங்குகிறது. 18 மீட்டர் உயரத்தில் அது எப்போது இருக்கும்?

மையத்துக்கு மேலே 6 மீட்டர் ஏற வேண்டும். 6ஐ ஆரத்தால் வகுத்தால் 0.6. மைய மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை ஆரத்தால் வகுத்து வருவதுதான், பெட்டி சுற்றிய கோணத்தின் சைன். அதாவது, சைன் மதிப்பு 0.6 ஆக உள்ள கோணம் வேண்டும். கால்குலேட்டரில் ஷிஃப்ட், சைன், 0.6 என்று அழுத்தினால் 36.87 வரும். அப்போது திரையில் சைனின் தோளில் சின்னதாக நிற்கும் −1ஐப் பார்த்து, ஒன்றை சைனால் வகுப்பதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. 'எந்தக் கோணத்துக்கு சைன் இவ்வளவு?' என்று திருப்பிக் கேட்கும் குறி அது.

விநாடிக்கு 6 பாகை வீதம் சுற்றுவதால், 6.1 விநாடியில் பெட்டி அந்த உயரத்தில் இருக்கும். சரி, அத்துடன் முடிந்ததா? உச்சிக்குப் போன பெட்டி இறங்கும்போதும் அதே 18 மீட்டரைத் தாண்டித்தானே வர வேண்டும்? 180இலிருந்து 36.87ஐக் கழித்தால் 143.13 பாகை, அதாவது 23.9ஆவது விநாடி. அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் இதே இரண்டு தருணங்கள் திரும்பத் திரும்ப வரும்.

கால்குலேட்டர் தவறு செய்யவில்லை. எண்ணற்ற விடைகள் இருந்தாலும் அது ஒன்றைத்தான் காட்ட முடியும். எதைக் காட்டுவது என்று ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள்: சைனுக்கு −90 முதல் 90 வரை. இந்த எல்லைக்குள் சைன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, எந்த மதிப்பும் இரண்டு முறை வராது. கொசைனுக்கு, அதாவது உயரத்துக்குப் பதில் பக்கவாட்டுத் தூரத்தை ஆரத்தால் வகுத்து வருவதற்கு, இதே எல்லை உதவாது. 40க்கும் −40க்கும் கொசைன் ஒன்றுதான். அதனால் அதற்கு 0 முதல் 180 வரை.

மீதி விடைகளைத் தேடுவது நம் வேலை. சைனுக்கு 180இலிருந்து கழியுங்கள், கொசைனுக்கு 360இலிருந்து. டேனுக்கு (சைனைக் கொசைனால் வகுத்தது) 180ஐக் கூட்டினால் போதும். சைன் −0.5 என்றால் திரையில் −30 வரும். கேள்வி 0 முதல் 360 வரை கேட்டிருந்தால், அந்த −30ஐ எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். வட்டத்தை வரைந்து பாருங்கள். மையத்துக்குக் கீழே, வலப்பக்கமும் இடப்பக்கமுமாக, 330, 210 என இரண்டு இடங்கள் தெரியும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் படம்தான் கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை: சைன் 30 அழுத்துங்கள். 0.5 வந்தால் கருவி பாகையில் இருக்கிறது. −0.988 வந்தால் அது கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியனில் கிடக்கிறது, மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் வழி எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை கோணலாகத்தான் வரும்.

இப்போது 24 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைன் 1.2 ஆக வேண்டும். அழுத்தினால் திரையில் 'எரர்' என்று வரும். ராட்டினத்தின் உச்சியே 22 மீட்டர்தான். பெட்டி அங்கே போகவே போகாது.