கத்ரீனாவில் வீடிழந்தவர்கள் எந்த நாட்டு அகதிகள்?

இந்த முறை 'அகதி' என்ற சொல், 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா சூறாவளி பற்றிய நினைவுக் கட்டுரையில் வந்தது. 'ஹூஸ்டன் மைதானத்தில் தங்கவைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான அகதிகள்' என்று எழுதியிருந்தார் புதிதாகச் சேர்ந்த துணையாசிரியர். அந்தச் சொல்லை அடித்து நீக்கினேன். செய்தி மேசையில் உட்கார்ந்த இத்தனை ஆண்டுகளில் இந்த ஒரு சொல்லை எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எங்கே வெள்ளம் வந்தாலும் மறுநாள் காலையில் என் மேசையில் ஓர் அகதி முளைத்துவிடுகிறார்.

துணையாசிரியர் விடவில்லை. "அகதி என்றால் கதியற்றவர்தானே சார்? வீடு போய்விட்டது, சோறு இல்லை. இதைவிடக் கதியற்றவர் யார்?"

இந்த வாதத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. வேரைத் தோண்டினால் 'கதி இல்லாதவர்'தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் வேரைத் தோண்டிக்கொண்டு செய்தி படிப்பதில்லை. நாற்றம் என்றால் ஒரு காலத்தில் நறுமணம். 'மல்லிகை நாற்றம் வீசும் மதுரை' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், பூ வியாபாரிகள் அலுவலக வாசலுக்கே வந்துவிடுவார்கள். 1983க்குப் பிறகு தமிழ்நாட்டில் அகதி என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்கள்? கடல் தாண்டி வந்து, முகாமில் பெயர் பதிந்து, குடியுரிமை இல்லாமல் காத்திருப்பவர்கள். 2021இல் அந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது ஏன் என்று யோசியுங்கள். 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின்படியும், துன்புறுத்தலுக்கு அஞ்சிச் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் அகதி. நியூ ஆர்லியன்ஸ் மக்கள் லூசியானாவிலிருந்து, ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸுக்குப் போனார்கள். பக்கத்து மாநிலம். பாஸ்போர்ட் கூடத் தேவையில்லை.

இந்தச் சண்டை அமெரிக்காவிலேயே அப்போது நடந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று சூறாவளி கரையைக் கடந்தது, வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. பத்திரிகைகள் 'அகதிகள்' என்று எழுதத் தொடங்கின. அமெரிக்கக் குடிமக்களை அப்படி அழைப்பது இனவெறி என்றார் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். அவர்கள் அகதிகள் அல்லர், அமெரிக்கர்கள் என்று அதிபர் புஷ்ஷும் சொன்னார். வாஷிங்டன் போஸ்ட் அந்தச் சொல்லைத் தவிர்த்தது. செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், பொருந்தும் இடங்களில் எழுதுவோம் என்றது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அகதி வசைச்சொல் அல்ல. 'எங்களைப் போய் அகதி என்பதா' என்று சீறும்போது, உண்மையான அகதியின் மேல் ஒரு துளி இளப்பம் தெறிக்கிறது. அந்தச் சீற்றம் எனக்கு ஒப்புதல் இல்லை. என் கவலை வேறு. மத்திய அரசின் ராணுவப் பொறியாளர்கள் கட்டிய கரை ஏன் உடைந்தது, எங்களை ஏன் நாள்கணக்கில் கூரைமேல் விட்டீர்கள் என்று அதட்டிக் கேட்க வேண்டியவரை, கிடைத்த படுக்கைக்கு நன்றி சொல்ல வேண்டியவராக அந்தச் சொல் உட்காரவைத்துவிடுகிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் மைதானத்துக்கு வந்த அதிபரின் தாயார் பார்பரா புஷ், இங்கிருப்பவர்களில் பலர் ஏற்கெனவே வசதியற்றவர்கள், எனவே இது அவர்களுக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது என்ற பொருளில் பேசினாரே, அந்த மனநிலைதான்.

இதைவிட ஆபத்தான சொல் 'கொள்ளை'. அதே வாரம் யாஹூ செய்தித் தளத்தில் இரண்டு படங்கள் வந்தன. மார்பளவு நீரில் உணவுப் பொருளுடன் வரும் கறுப்பின இளைஞர் கடையைச் சூறையாடியவர் என்றது ஒரு படத்தின் குறிப்பு. அதேபோல வரும் வெள்ளையர் இருவருக்கு ரொட்டி 'கிடைத்தது' என்றது இன்னொன்று. வெவ்வேறு நிறுவனங்களின் படங்கள், புகைப்படக்காரர்கள் தாங்கள் பார்த்ததையே எழுதியதாக விளக்கினார்கள். இருக்கட்டும். ஆனால் ஆகஸ்ட் 31 அன்று மேயர் ரே நேகின், மீட்புப் பணியிலிருந்த சுமார் 1,500 போலீசாரைக் கொள்ளையைத் தடுக்கத் திருப்பிவிட்டார். மக்கள் அப்போதும் கூரைகளில் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் மக்கள் தஞ்சமடைந்த சூப்பர்டோம் மைதானத்துக்குள் கொலைமேல் கொலை என்று பரவிய கதைகளில் பெரும்பாலானவை பொய் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, இளம் நிருபர்களே, 'புயலால் இடம்பெயர்ந்தவர்கள்' என்று எழுதுங்கள். 'வீடிழந்தவர்கள்' என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் அதையே எழுதுங்கள், அதைவிட நல்ல சொல் கிடையாது. 'வெளியேற மறுத்தவர்கள்' என்று எழுதும் முன், அவர்களிடம் வண்டி இருந்ததா என்று கேளுங்கள். அன்றைய நியூ ஆர்லியன்ஸில் நான்கில் ஒரு வீட்டுக்கு மேல் கார் இருக்கவில்லை. கண்ணால் பார்க்காத கொள்ளையை எழுதாதீர்கள். வாசகர்களிடம் மன்றாடியே கேட்கிறேன்: 'முகாமில் சூறையாடுகிறார்கள்' என்று வரும் வாட்ஸ்அப் காணொளியை அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். நிவாரண லாரி அந்தத் தெருவுக்குள் போகப் பயப்படும்.

துணையாசிரியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு கட்டுரையின் கடைசிப் பத்தியைக் காட்டினார். 2000இல் சுமார் 4,85,000 பேர் இருந்த நியூ ஆர்லியன்ஸில் 2010இல் சுமார் 3,44,000 பேர்தான். போன பலர் ஹூஸ்டனிலேயே தங்கிவிட்டார்கள். "இருபது வருடமாக அங்கே இருப்பவரையும் இடம்பெயர்ந்தவர் என்றே எழுதட்டுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வரியில் மட்டும் 'ஹூஸ்டன்வாசிகள்' என்று போட்டு அனுப்பினோம்.