மாலத்தீவில் எந்தத் தடை நிற்கிறது, எது நிற்கவில்லை

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. அத்தனையும் பவளத் திட்டுகளின் மேல் குவிந்த மணல்தான். ஆறு இல்லை, மலை இல்லை, ஒரு துண்டுக் கருங்கல் கூடக் கிடையாது. அந்த மணலையும் பவளம்தான் தர வேண்டும். கிளிமீன் பாறையைக் கொறித்துத் தின்று, மணலாகக் கழிக்கிறது. வக்காரு தீவில் நடந்த ஓர் ஆய்வில், அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீனால் வருவது எனத் தெரிந்தது. கிளிமீனை வறுத்துத் தின்பவர் காலடி நிலத்தைக் கொஞ்சம் தின்கிறார் என்று சொன்னால் சிரிப்பார்கள். கணக்கு என்னவோ அதுதான்.

கட்டுமானப் பணிகளுக்கு முன்னும் பின்னும் நீருக்கடியில் பவளத்தை அளப்பது என் தொழில். அளவு நாடாவை விரித்து, அதன் கீழே உயிருள்ள பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, வெறும் மணல் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே போவோம். மாலத்தீவில் சட்டத்துக்குக் குறைவில்லை. சுற்றுச்சூழல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய சட்டம் 1993-லேயே வந்துவிட்டது. ஆனால், விடச் சொன்ன பொருளுக்கோ பிழைப்புக்கோ மாற்று கிடைத்த இடங்களில்தான் தடை நின்றிருக்கிறது.

பவளக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1658-இல் கட்டப்பட்ட மாலே வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் பவளக் கல்லைச் செதுக்கி எழுப்பியது. பள்ளிவாசலுக்கு எடுத்தவரை கடல் தாங்கியது. சுற்றுலா வந்து, மாலே நகரம் பெருத்து, வீட்டுக்கும் சுவருக்கும் பாறையைப் பெயர்க்கத் தொடங்கியபோது தாங்கவில்லை. பெயர்த்த தளங்கள் பத்தாண்டுகள் கழிந்தும் தேறவில்லை. அலையின் வேகத்தை உடைப்பதே அந்தப் பாறைத் தளம்தான். 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்த பிறகு, ஜப்பான் உதவியோடு நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அலைத்தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. அதே வேலையைச் செய்த பாறைச் சுவரை இயற்கை இலவசமாகக் கொடுத்திருந்தது.

1992-இல் பவளம் எடுப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. அது பெரிதும் நின்றதற்குக் காரணம், சிமென்ட்டும் ஜல்லியும் மணலும் கப்பலில் வந்திறங்கியதுதான். எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. 2024-25-க்கு இந்தியா மாலத்தீவுக்கு அனுமதித்த ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். அந்த ஜல்லியில் ஒரு பகுதி தூத்துக்குடியில் ஏற்றப்படுகிறது. அங்கே பவளம் தப்பித்ததற்கு இங்கே குவாரியும் ஆறும் விலை கொடுக்கின்றன. இதை யாரும் மதிப்பீட்டு அறிக்கையில் எழுதுவதில்லை.

சுறாவின் கதையும் இதே பாதையில் போனது. உயிரோடு திரியும் ஒரு சாம்பல் பார்ச்சுறா, முக்குளிக்க வருபவர்கள் மூலம் ஆண்டுக்கு 3,300 டாலர் தருகிறது, பிடித்து விற்றால் ஒரே தடவை 32 டாலர் என்று 1990-களில் கணக்கிட்டார்கள். 1998-இல் சுற்றுலா நடக்கும் பவளத் தீவுக்கூட்டங்களில் தடை, 2010-இல் நாடு முழுவதும் தடை. ஆனால் 3,300 டாலர் போவது விடுதிக்கு. 32 டாலரை இழப்பவர் விடுதியே இல்லாத தீவின் மீனவர். இந்த இடைவெளியை அடைக்காதவரை முணுமுணுப்பு ஓயாது.

மாற்றுக் கணக்கே இல்லாமல் போட்டது களவா மீன் விதி. 1990-களின் நடுவில் ஹாங்காங் போன்ற சந்தைகளுக்கு உயிர்மீனாக அனுப்பத் தொடங்கினார்கள். சீக்கிரமே பெரிய மீன் அருகிவிட்டது. களவா இனங்கள் பெரும்பாலும் பெண்ணாக வளர்ந்து, பிறகு ஆணாக மாறுபவை. பெரியவற்றைப் பிடித்தால் ஆண் மிஞ்சாது. சிறியவற்றைப் பிடித்தால் முட்டையிடும் முன்பே போய்விடும். கூட்டமாக முட்டையிட வரும் கால்வாய்களும் மீனவருக்குத் தெரிந்தவையே. 2012-இல் குறைந்தபட்ச அளவு விதித்தார்கள். உயிர்மீன் வணிகத்திலோ, விருந்துத் தட்டில் முழுதாக அடங்கும் மீனுக்குத்தான் நல்ல விலை. கடலில் ஆயிரம் படகைத் துரத்துவதைவிட, மீனைத் தேக்கி வைக்கும் கூண்டுகளிலும் ஏற்றுமதி நிலையத்திலும் அளவுகோலோடு நிற்பது எளிது. வாங்குபவர்கள் சிலரே.

எனக்கு மிகவும் கவலை தருவது, கடலடி மணலை அள்ளி நிலமாகக் கொட்டத் தூர்வாரும் கப்பல். நிலம் போதாத நாடு கடலை மேடாக்குவதைக் குறைசொல்ல முடியாது; 1997-இல் தொடங்கிய ஹுலுமாலே இன்று பெரிய நகரம். இதில் தடுக்க வேண்டிய அரசே திட்டத்தின் உரிமையாளரும் ஆகிறது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். கிளம்பும் வண்டல் அதை மறைத்து, மேலேயும் படிகிறது. வண்டலைத் தடுக்கத் திரை கட்டுவதாக அறிக்கையில் இருக்கும். கால்வாயில் நீரோட்டம் ஏறினால் அந்தத் திரை கொடி போலப் பறக்கும். 1998-இல் கடல் சூடேறி ஆழமற்ற இடங்களின் பவளத்தில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது. தேறி வந்தது 2016-இல் மறுபடி அடிவாங்கியது. கடல் மிகவும் சூடாவது ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதமாவது தூர்வாருவதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன். ஒப்பந்தக்காரருக்கு அலை தணிந்த அந்தப் பருவம்தான் வசதி.

நம்மவர்கள் இப்போது மாலத்தீவுக்கு நிறையப் போகிறார்கள். பா தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் கொம்புத் திருக்கைகளைப் பார்க்கக் காற்று உருளையோடு இறங்க முடியாது. மிதந்தபடிதான் பார்க்கலாம், அதுவும் வரையறுத்த நேரத்துக்கு, கட்டணம் கட்டி. சலித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கட்டணம் அங்கேயே பாதுகாப்புப் பணிக்குப் போகிறது. சாப்பாட்டில் களவாவையும் கிளிமீனையும் தவிர்த்துச் சூரை கேளுங்கள். தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிப்பது, நம் வீட்டு மாசிக் கருவாடும் அதே மீன்தான். அதற்கு வீசும் உயிர் இரையும் பவளப் பாறைகளிலிருந்தே வருகிறது என்பதால், சூரைப் படகுக்காரர்கள்தான் பாறை கெடுவதை முதலில் கண்டு குரல் கொடுக்கிறார்கள். திட்டக் கூட்டங்களில் அவர்களுக்குக் கடைசி வரிசை நாற்காலிதான் கிடைக்கிறது.