சாவியை வாங்குவதற்கு முன்

எங்கள் லாட்ஜைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் சோப்புக்குத்தான். "மூன்று முறை தேய்த்தும் நுரை வரவில்லை, என்ன சோப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்கு இறங்கி வருகிறவர்களைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். பாவம், சோப்பு என்ன செய்யும்? தண்ணீர் உப்பு.

ராமேஸ்வரம் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், பதினெட்டு அறைகள் உள்ள ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன். மேனேஜர் என்றதும் கழுத்தில் டை கட்டிய ஆளை நினைத்துவிட வேண்டாம். கணக்கு எழுதுவது, சாவி கொடுப்பது, மோட்டார் போடுவது எல்லாம் நான்தான். ரூம் பாய் வராத நாளில் பெட்ஷீட் விரிப்பதும் நான்தான். இவ்வளவு காலத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று. சிறிய லாட்ஜில் தங்கியவர்கள் மனக்கசப்போடு போகிறார்கள் என்றால், பெரும்பாலும் அந்தக் கசப்பு அறையில் உண்டாவதில்லை. கவுண்டரில் நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில், அவர்களும் கேட்காமல் நாங்களும் சொல்லாமல் விட்டதில் உண்டாகிறது.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு இது. ஆழ்துளைக் கிணற்றில் வரும் நீரில் உப்பும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அந்த நீரில் சோப்பு நுரைக்காது. தலைமுடி சிக்குப் பிடிக்கும். புதுக் குழாயில்கூட ஒரே வருடத்தில் வெள்ளைப் படலம் ஏறிவிடும். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் இந்த மாவட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் அமாவாசைக் கூட்டத்தில் பதினெட்டு அறையும் நிரம்பியிருக்கும்போது, அந்தத் தண்ணீரை வைத்து எல்லாரையும் குளிக்க வைக்க முடியாது. குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர், குடிப்பதற்குக் கேன் தண்ணீர் என்பதுதான் இங்கே பல லாட்ஜுகளின் ஏற்பாடு. உள்ளூர்க்காரனுக்கு இது தெரியும். சேலத்திலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு தை அமாவாசைக்கு முந்தைய இரவு. இரண்டு மணி இருக்கும். இளம் தாய் ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். குழந்தை பாலைக் கக்கிக்கொண்டே இருக்கிறது என்றார். என்ன பால் என்று கேட்டேன். மாவுப் பால். எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று கேட்டேன். "கீசரில் நன்றாகச் சூடாக வந்ததே அண்ணே, அதில்தான்" என்றார். புட்டியை வாங்கிப் பார்த்தேன். அடியில் மணல் போல வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கீசர் தொட்டிக்குள் உப்புப் பாறையாக உறைந்து, சூடாகும்போது உதிர்ந்து வருகிற பொடி அது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். விடிவதற்குள் குழந்தை தேறிவிட்டது. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சாவி கொடுக்கும்போது, "குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், வெந்நீர் வேண்டுமென்றால் கீழே கேளுங்கள்" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து சாவியோடு சேர்த்து அதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன். நீங்கள் போகும் லாட்ஜில் யாரும் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். சூடாக இருப்பதாலேயே கீசர் நீர் கொதிக்கவைத்த நீர் ஆகிவிடாது.

அடுத்தது போலி முன்பதிவு. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்ற இரண்டு மூன்று வருடங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. அதன் பிறகு மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ் மாறித்தான் தீவுக்குள் வரவேண்டியிருந்தது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதும் விடியற்காலை ரயில் கூட்டம் திரும்பிவிட்டது. அப்படி ஒரு விடியலில் கதவு தட்டப்பட்டது. சேலத்திலிருந்து வந்த குடும்பம்; பாட்டி, தாத்தா, இரண்டு பிள்ளைகள், பெற்றோர் என்று ஆறு பேர். அந்த வீட்டு அம்மாள் செல்பேசியை நீட்டினார். எங்கள் லாட்ஜின் பெயர், எங்கள் வாசல் படம், அறை எண்கூடப் போட்ட ரசீது எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் கொடுத்த ரசீது இல்லை என்பதுதான் குறை. யாரோ ஒருவன் எங்கள் படங்களை எடுத்து ஒரு பக்கம் தயாரித்து, தன் எண்ணைப் போட்டிருக்கிறான். முதலில் 3,000 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறான். கட்டியதும், "கணினியில் ஏறவில்லை, அதே தொகையை இன்னொரு முறை அனுப்புங்கள், முதலில் அனுப்பியது தானாகத் திரும்பிவிடும்" என்றிருக்கிறான். மூன்று முறை அனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் 9,000.

தாத்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டி என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நியாயம்தானே? பெயர்ப் பலகை எங்களுடையது. அவர் கண்ணுக்கு அந்தத் திருடன் நான்தான்.

அன்று எங்களிடம் ஓர் அறைதான் காலியாக இருந்தது. அதைக் கொடுத்தோம். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவர்களையே பேசவைத்தேன். பணம் போனது தெரிந்தவுடனே அழைத்தால், அது கைமாறிப் போவதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இவர்கள் பணம் கட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. யாத்திரைத் தலங்களில் அறை, ஹெலிகாப்டர், டாக்சி என்ற பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றத் தடுப்பு மையமே 2025 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்திருந்தது. அதை நானும் அப்போது படித்திருக்கவில்லை.

என் அனுபவத்தில் இதற்கு உதவுகிற தந்திரம் மிகவும் சாதாரணமானது. பணம் அனுப்பும் முன் தொலைபேசியில் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் வாசலில் நின்றால் கோபுரம் எந்தப் பக்கம் தெரியும், அக்னி தீர்த்தத்துக்கு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும், பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்று எதையாவது கேளுங்கள். எங்கோ உட்கார்ந்து பேசுகிறவன் அங்கே தடுமாறுவான், அல்லது கோபப்படுவான். சந்தேகம் தீரவில்லையென்றால் வீடியோ அழைப்பில் பெயர்ப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. பணம் தனி ஆள் பெயருக்குப் போகிறதா, லாட்ஜ் பெயருக்குப் போகிறதா என்று கட்டும் முன் திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். "இன்னொரு முறை அனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி குளியலறை. ராமேஸ்வரம் வருகிறவர்கள் செய்கிற முதல் காரியம் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வது. ஈரத்துணியோடு சன்னதிக்குள் போக முடியாது என்பதால், உடை மாற்றுவதற்குப் பலர் லாட்ஜுக்கே வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் எங்கள் படிக்கட்டைப் பார்க்க வேண்டும்! மாடி வரைக்கும் கடல் மணலும் சொட்டுநீரும்தான். நான் பார்த்த எலும்பு முறிவுகள் அத்தனையும் அந்த அரை மணி நேரத்தில் நடந்தவை. வயதானவர்களை அழைத்து வந்தால் கீழ்த்தள அறை கேளுங்கள்; சிறிய லாட்ஜில் லிஃப்ட் இருக்காது. வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைத் தாழ்ப்பாளை ஒரு முறை போட்டு எடுத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள் சுலபமாக விழும், சுலபமாக எழாது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு, கடைசியில் கதவைக் கழற்றி வெளியே எடுத்தோம்.

பக்கெட் தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியைப் பெட்டியில் எடுத்து வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை: தயவுசெய்து வேண்டாம். எங்கள் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் அதில் எளிதாகப் பாயும். ஈரத்தரை, வெறுங்கால், பழைய பிளக். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லாட்ஜில் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்புக் கருவியைப் பொருத்திய பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. எல்லா லாட்ஜிலும் அது இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அதேபோல், ஏசி போட்டு ஜன்னலை அடைத்த அறைக்குள் சிறிய காஸ் அடுப்பில் சமைப்பதும் வேண்டாம். தீப்பிடிக்கும் என்பது ஒரு பயம். அடைத்த அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பது அதைவிடப் பெரிய பயம்.

நேரக் கணக்கில் தினமும் ஒரு சண்டையாவது உண்டு. சில லாட்ஜுகளில் 24 மணி நேர முறை. சிலவற்றில் மதியம் 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். விடியற்காலை நான்கு மணி ரயிலில் வந்து இரண்டாவது வகை லாட்ஜில் அறை எடுத்தால், எட்டு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை தீர்ந்துபோகும். தப்பு யார் மேலும் இல்லை. சாவி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது, அவ்வளவுதான்.

அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள். பதிவேட்டில் எழுதாமல் அறை கொடுத்தால் காவல்துறைக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். ஆனால் ஆதார் நகலை முழு எண்ணோடு கொடுக்கத் தயக்கமாக இருந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். நகலின் மேல் தேதியையும் "அறை வாடகைக்கு மட்டும்" என்பதையும் எழுதிவிடுங்கள். என்னிடம் அப்படி எழுதிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. எழுதுகிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால் லாட்ஜின் ஜிஎஸ்டி பதிவு எண்ணும் போட்டிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம். பழைய 12 சதவீதத்தை யாராவது இன்னும் போட்டால் கேளுங்கள். பதிவு செய்யாத லாட்ஜ் வரி வசூலிக்கவே முடியாது.

சுத்தத்தைப் பற்றி நானே பேசினால் தற்பெருமையாகப் போய்விடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். துருவும் அழுக்கும் வேறு வேறு. கடலோரத்தில் ஏசி பெட்டி, ஜன்னல் கம்பி, குழாய்த் தலை எல்லாம் துருப்பிடிக்கும். எவ்வளவு துடைத்தாலும் பிடிக்கும். அதைப் படம் எடுத்து "அசுத்தமான அறை" என்று எழுதினால் எங்களுக்கு வலிக்கும். ஆனால் மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்த்து அங்கே கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் அப்படியே வேறு அறை கேளுங்கள். என் லாட்ஜாக இருந்தாலும் கேளுங்கள்.

போலி ரசீதோடு வந்த அந்தச் சேலத்துக் குடும்பம் அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் தொலைபேசியில் அழைத்தது. அந்த அம்மாள்தான் பேசினார். பெயரைக்கூடச் சொல்லாமல், "அண்ணே, உங்கள் வாசலில் நின்றால் கோபுரம் எந்தப் பக்கம் தெரியும்?" என்றார்.

"எந்தப் பக்கமும் தெரியாது அம்மா. எதிரே புதிதாக மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். மொட்டைமாடிக்குப் போனால்தான் தெரியும்."

"சரி, கீழ்த்தளத்தில் இரண்டு அறை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.